பன்னிரண்டாவது புள்ளி

மரியசூசையின் வேலை, மற்றவர்கள் பார்ப்பதற்காக நிற்பது. நெடுஞ்சாலைத் துறையில் அவர் அளவுகோல் பிடிக்கும் ஆள். ஓவர்சியர் ஒரு முனையில் முக்காலிமேல் வைத்த மட்டக் கருவியில் கண்ணைப் பதித்திருப்பார். இருநூறு அடி தள்ளி மரியசூசை நீளமான கோலைச் செங்குத்தாக, ஆடாமல் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கருவியின் குழாய் எதையும் தலைகீழாகத்தான் காட்டும். அதனால் கோலின் எண்களையும் தலைகீழாகவே எழுதியிருப்பார்கள். அரூர் சாலையிலும் பாலக்கோட்டுச் சாலையிலும் இருபது வருஷம் அவர் அதிகாரிகளின் கண்ணுக்குள் தலைகீழாக நின்றார்.

1964இல் தர்மபுரியில் கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விட்டபோது, மட்டம் உடைந்த ஒரு கருவியை அவர் எடுத்தார். குழாய் மட்டும் பழுதில்லாமல் இருந்தது. பாப்பாரப்பட்டிக்குத் தெற்கே மூன்று மைலில் இருந்த தம் வீட்டின் பின்புறம், மாட்டுக்கொட்டகைச் சுவருக்கு அருகில் அதை ஒரு முக்காலியில் பொருத்தினார். ஒன்றரை அங்குல வாய். நிலவின் பள்ளங்கள் தெரிந்தன. வியாழனுக்குப் பக்கத்தில் நான்கு பொட்டுகள் தெரிந்தன. சனி நசுங்கிய முட்டை போலத் தெரிந்தது. வானம் தலைகீழாகத் தெரிவது அவருக்குக் கஷ்டமாக இல்லை.

முதல் வாரம் மனைவி ரோசம்மாளைக் கூப்பிட்டு நிலவைக் காட்டினார். அவர் குழாயில் கண்ணை வைத்தவுடன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு முழங்கால் போட்டுவிட்டார்.

"நிலாவுல சிலுவை இருக்குதுங்க!"

கருவிக்குள் குறி பார்ப்பதற்காகக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்த மெல்லிய நூல் அது. மரியசூசை விளக்கிச் சொல்லி, ஒரு வேப்பமரத்தைக் காட்டி, அதன்மேலும் அதே சிலுவை இருப்பதை நிரூபித்தார். ரோசம்மாள் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார்.

"அப்ப அது கொழாயோட சிலுவை. இனிமே கொழாய்ல தெரியறதை எங்கிட்டச் சொல்லாதீங்க. என் கண்ணுல தெரியறதைச் சொல்லுங்க."

அன்றிலிருந்து ரோசம்மாள் அந்தக் குழாயில் கண் வைக்கவில்லை. ஆனால் நட்சத்திரங்களை எண்ணிச் சொல்வார். ஆகஸ்ட் மாதத்து முன்னிரவில் வடகிழக்கே தலை கீழே சாய்ந்து கிடக்கும் ஒரு நட்சத்திரச் சிலுவையை அவருக்குப் பிடித்திருந்தது. இயேசுவின் சீடர் இராயப்பரைத் தலைகீழாக அறைந்த சிலுவை என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்.

மரியசூசையின் நோட்டுப் புத்தகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு இரவும் வானத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அதில் வெறுங்கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களைப் பென்சிலால் புள்ளி வைப்பார். ஒளி கூடினால் பெரிய புள்ளி. ஆபீசில் அளவு எழுதும் புத்தகத்துக்கு என்ன விதியோ அதே விதிதான் இதற்கும். அழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் ஒரே ஒரு கோடு. பழையது அடியில் படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் மேலதிகாரி இனிஷியல் போட வேண்டும். தப்பு செய்தவனே அதைத் திருத்தியதற்கும் சாட்சியாக முடியாது என்பது அதன் பொருள். பல தத்துவப் புத்தகங்கள் சுற்றிவளைத்துச் சொல்வதை ஓர் ஓவர்சியரின் புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. இனிஷியல் போட ஆளில்லாத மரியசூசை, அதனாலேயே, தப்பு வராமல் பார்த்துக்கொண்டார். பதினோரு வருஷத்தில் நிரம்பிய புத்தகங்கள் ஒரு தகரப்பெட்டியில் இருந்தன. ஒன்றிலும் திருத்தம் கிடையாது.

1975இல் ரோசம்மாளுக்கு வயது நாற்பத்து மூன்று. இரண்டு வருஷமாக ரத்தப்போக்கு. கட்டிக்கொடுத்த பெண்கள் இருவரும் வந்து பார்த்து அழுதுவிட்டுப் போனார்கள். சேலத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, கர்ப்பப்பையில் பெரிய கட்டி, எடுத்தே ஆக வேண்டும் என்றார். செப்டம்பர் இரண்டு, செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். திங்கட்கிழமை மதியத்துக்குள் வந்து சேர வேண்டும். அதற்குப் பிறகு டாக்டரம்மா இரண்டு மாதம் ஊரில் இருக்க மாட்டார். "அதுவரைக்கும் இந்த உடம்பு தாங்காது" என்று மரியசூசையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

ரோசம்மாளுக்குக் கத்தி என்றால் உயிர் போகும் பயம். அவருடைய தாய் ஆபரேஷன் மேஜையில்தான் இறந்தார். ஆனாலும் சம்மதித்திருந்தார். இரண்டு புடவை, ஒரு தட்டு, செபமாலை எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் கட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தார்.

ஆகஸ்ட் இருபத்தொன்பது, வெள்ளிக்கிழமை. ஊர்க் கோயிலை ஒட்டிய, குகை போன்ற மாதா கெபியில் அன்று மாலை ஆறு மணிக்குக் கொடியேற்றம்; வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு அங்கே ஏற்றும் அதே நாளில் இங்கும் ஏற்றுவார்கள். ரோசம்மாளால் நடக்க முடியவில்லை. கொல்லையில் கயிற்றுக்கட்டிலில் படுத்தபடி வெடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மரியசூசை கொடி பார்த்துவிட்டு ஏழரை மணிக்குத் திரும்பினார். மதியம் பெய்த மழையில் வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது.

அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றார். சிலுவையின் தலைநட்சத்திரத்துக்குக் கீழே மூன்று விரல் அகலத்தில் இன்னொன்று இருந்தது.

லாந்தரையும் நோட்டையும் எடுத்துவந்தார். முந்தின நாள், வியாழக்கிழமை, அவர் வரைந்தது இதே பகுதிதான். பதினொரு புள்ளிகள். வானத்தில் எண்ணினார். பன்னிரண்டு. மறுபடியும் எண்ணினார். குழாயைத் திருப்பினார். அரை மணி நேரம் பார்த்தும் அது பக்கத்து நட்சத்திரங்களைவிட்டு நகரவில்லை. விமானமில்லை. கிரகம் அந்தப் பக்கம் வராது. கஸ்பார் வாத்தியார் இரவல் தந்த ஒரு பழைய புத்தகத்திலிருந்து இப்படியும் நடக்கும் என்று அவருக்குத் தெரியும்: கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு நட்சத்திரம் வெடித்துச் சில நாள் ஒளிவிடும்.

பென்சிலை எடுத்து அன்றைய பக்கத்தில் பன்னிரண்டு புள்ளி வைத்தார். பிறகு சத்தம் போட்டார்.

"ரோசா! மேல பாரு. சிலுவைத் தலைக்குக் கீழ, மூணு வெரல் தள்ளி. தெரியுதா?"

"தெரியுது. அதுக்கென்னா இப்ப?"

"அது நேத்து இல்ல! புதுசு!"

ரோசம்மாள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு வந்திருக்கும்?"

"யாருக்குத் தெரியும்? இருட்டினப்புறம்தானே தெரியும்."

"கொடி ஏத்தினாங்களே, அந்த நேரத்துலயா?"

"அந்த நேரமாத்தான் இருக்கும்" என்றார் மரியசூசை.

சந்தோஷத்தில் சொன்ன வார்த்தை. அவர் வாழ்க்கையில் ஆதாரமில்லாமல் சொன்ன வார்த்தைகள் அதிகம் இருக்காது. இது அவற்றில் ஒன்று.

மறுநாள் காலை நோட்டை எடுத்துக்கொண்டு கஸ்பார் வாத்தியார் வீட்டுக்குப் போனார். கோயில் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்பவர் கஸ்பார். ஊரில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் அவர்தான். வியாழக்கிழமைப் பக்கத்தையும் வெள்ளிக்கிழமைப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மரியசூச, இதை முதல்ல பார்த்தவன் நீயா இருந்தா உன் பேரை உலகத்துக்கே சொல்லுவாங்க. கொடைக்கானல்ல வானத்தை ஆராயற ஆபீசு இருக்குது. அங்க எழுதணும்."

"தந்தி அடிச்சா சீக்கிரம் போவுங்களே?"

"இந்தக் காலத்துல 'வடக்கே புதிய நட்சத்திரம் உதயம்'னு தந்தி அடிச்சா, நம்ம ரெண்டு பேரும் வேலூர் ஜெயில்ல உதயமாவோம். கடுதாசிதான்."

நெருக்கடி நிலை அறிவித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கஸ்பார் கடிதம் எழுதினார். "வியாழக்கிழமை வரைந்த படத்தில் இந்த நட்சத்திரம் இல்லை, படம் எங்கள் வசம் உள்ளது" என்பதுதான் அதன் முக்கியமான வரி. எழுதி முடிப்பதற்குள் சனிக்கிழமைத் தபால் போய்விட்டது. திங்கட்கிழமை போடலாம் என்று பையில் வைத்துக்கொண்டார்.

வீடு திரும்பிய மரியசூசை கொல்லையில் பத்துப் பதினைந்து பெண்களைப் பார்த்தார். பக்கத்து வீட்டில் இருந்த அவருடைய அக்கா ஆரோக்கியம்மாள் விடியும்முன்னே ஊரெல்லாம் சொல்லியிருந்தார். எல்லோர் கையிலும் செபமாலை. ஒருத்தி குழாயைச் சுற்றிவந்து, "ஏங்கண்ணா, இதுல பார்த்தா மாதா மூஞ்சி தெரியுமா, முந்தானிதான் தெரியுமா?" என்றாள். சிரிப்பு எழுந்தது.

கதவுக்குப் பின்னால் துணிப்பை இல்லை. புடவைகள் மறுபடியும் துணிக்கொடியில் தொங்கின.

"நான் சேலத்துக்கு வரலீங்க" என்றார் ரோசம்மாள். "அவசியமில்ல. மாதா பதில் சொல்லிட்டாங்க."

"ரோசா, அது வெடிச்ச நட்சத்திரம். நெருப்பு. கொஞ்ச நாள்ல அணைஞ்சு போயிரும்."

"எப்ப அணையும்?"

நாளைக்கா, ஒரு மாதத்திலா, புத்தகம் அதைச் சொல்லவில்லை.

"அணையட்டும். அணைஞ்ச அன்னிக்கு வரேன்."

"அன்னிக்கு டாக்டரம்மா இருக்க மாட்டாங்கடி!"

ஆரோக்கியம்மாள் குறுக்கே வந்தார். "ஏன்டா தம்பி கத்துற? நீதானே கண்டுபுடிச்சே? நீதானே கொடியேத்தற நேரம்னு சொன்னே? இப்ப நீயே இல்லங்கிறே. யூதாசுகூட ஒரு ராத்திரி பொறுத்தான்."

"அக்கா, நீ சும்மா இரு."

"நான் சும்மா இருந்தா வானம் சும்மா இருக்குமா?"

அன்று மாலை மரியசூசை ஒன்றை மட்டும் எதிர்பார்த்தார். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, ஒரு நட்சத்திரம் மங்கியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அது மங்கவில்லை. முந்தின நாளைவிட இரண்டு மடங்கு ஒளியுடன் இருந்தது. சிலுவையின் தலைநட்சத்திரத்துக்குச் சமமாக வந்துகொண்டிருந்தது.

"வளருது பாருங்க" என்றார் ரோசம்மாள், கட்டிலில் இருந்து. அவர் குரலில் வெற்றி எதுவும் இல்லை. நிம்மதி இருந்தது. மரியசூசைக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் துவைகல்லுக்கு அருகே ஈரத் துணி சுருட்டிக் கிடந்தது. அவர் கையால் தொட்டு விரித்துப் பார்த்தார். இவ்வளவு ரத்தம் இதுவரை போனதில்லை. ரோசம்மாள் கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெளுத்திருந்தது.

பூசை முடிந்ததும் மரியசூசை பங்குச் சாமியாரைக் கையோடு அழைத்துவந்தார். சாமியார் நல்லவர்; ஜாக்கிரதையானவர். "இதை அடையாளம்னு நான் சொல்ல முடியாதும்மா. அடையாளம் இல்லன்னும் நான் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்கும் போ, மாதாகிட்டயும் கேளு" என்றார். அவர் போனதும் ரோசம்மாள் லேசாகச் சிரித்தார்.

"சாமி ரெண்டு படகுலயும் கால் வெக்கிறாரு. எனக்கு நிக்கவே ஒரு கால்தான் இருக்குது."

"நான் சொல்றதைக் கேளு ரோசா. உன் கால்ல விழட்டுமா?"

"விழாதீங்க. உங்க பேச்சை நான் நம்பல. நீங்க நான் பொழைக்கணும்னு எதை வேணும்னாலும் சொல்லுவீங்க. உங்க நோட்டைத்தான் நம்பினேன். நேத்து இல்ல, இன்னிக்கு இருக்குதுன்னு நோட்டு சொல்லுச்சு. அது புதுசு இல்லன்னு நோட்டு சொன்னா நான் வரேன்."

மறுநாள் காலை ஐந்தரைக்கு முதல் பஸ். அப்போது மணி பதினொன்று.

மதியம் மூன்று மணிக்கு, ரோசம்மாள் கண்ணயர்ந்திருந்தபோது, மரியசூசை நோட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குள் போனார். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் ஒரு தாள் துண்டை வைத்து, தலைநட்சத்திரத்திலிருந்து புதியதற்கு உள்ள தூரத்தைக் குறித்தார். துண்டை வியாழக்கிழமைப் பக்கத்துக்கு நகர்த்தினார். பென்சிலைக் கூர் சீவினார். அங்கே பன்னிரண்டாவது புள்ளியை வைத்தார். சுற்றியிருந்த புள்ளிகள் மூன்று நாளில் கொஞ்சம் மங்கியிருந்தன. புதிய புள்ளியை விரலால் ஒருமுறை லேசாகத் தேய்த்தார்.

இருபது வருஷம் கோல் பிடித்த கை. அது ஆடவே இல்லை. அதுதான் தன்னைக் கலங்கவைத்தது என்று பிற்பாடு கஸ்பாரிடம் சொன்னார்.

அந்தப் புள்ளியோடு கஸ்பாரின் கடிதம் பொய்யாகிவிட்டது. நட்சத்திரம் புதிது என்பதற்கு அந்த ஊரில், ஒருவேளை அந்த மாவட்டத்திலேயே, இருந்த ஒரே சாட்சி அந்தப் பக்கம்தான்.

மாலை ஏழு மணிக்குக் கொல்லை நிறைய ஆட்கள். நட்சத்திரம் மேலே பளிச்சென்று இருந்தது. பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். மரியசூசை லாந்தரைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அருகில் வந்தார்.

"ரோசா, நான் தப்பு பண்ணிட்டேன். எண்ணத் தவறிட்டேன். அது வியாழக்கிழமையே இருந்துச்சு. நோட்டுல நானே வெச்சிருக்கேன். மழை மப்புல சின்னதாத் தெரிஞ்சிருக்குது. வெள்ளிக்கிழமை அவசரத்துல சரியாப் பார்க்கல."

பாட்டு நின்றது.

"கொண்டாங்க" என்றார் ரோசம்மாள்.

எழுதப் படிக்கத் தெரியாது; தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் ரேஷன் கடைக்காகப் பழகியிருந்தார். எண்ணத் தெரியும். லாந்தர் வெளிச்சத்தில் விரலை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தினார். கடைசிப் புள்ளியில் விரல் நின்றது. எடுக்கவில்லை.

"பன்னெண்டு" என்றார்.

"இவன் இப்ப வெச்சிருப்பான்!" என்று ஆரோக்கியம்மாள் கத்தினார். "நேத்துக் காலையில வாத்தியாரு பார்த்தாரு. அவரைக் கேளு. கஸ்பாரு வாத்தியாரே, இங்க வாங்க! உள்ளங்கையில அடிச்சுச் சொல்லுங்க. நேத்து இந்தப் புள்ளி இருந்துச்சா?"

கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்த கஸ்பார் முன்னால் வந்தார். காலைப் பூசையில் நற்கருணை வாங்கியவர். குழந்தைகளுக்குப் பத்துக் கட்டளை சொல்லித் தருபவர். சட்டைப்பையில் கடிதம் இருந்தது. அவர் குனிந்து பக்கத்தைப் பார்த்தார். எதற்காக அந்தப் புள்ளி வந்தது என்பது அவருக்குத் தெரிய ஒரு கணம் ஆயிற்று. அந்த ஒரு கணத்தில் மரியசூசை அவரைப் பார்க்கவில்லை. மனைவியின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருந்துச்சு" என்றார் கஸ்பார். "நானும் நேத்துச் சரியா எண்ணல."

யாரோ ஒருவன் பின்னாலிருந்து, "ரெண்டு பேரும் சேர்ந்து பன்னெண்டு எண்ண முடியல, இவங்க ரோட்டை அளந்தா பாலக்கோடு எங்க போய் நிக்கும்?" என்றான். ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஆரோக்கியம்மாள் மட்டும், "பெட்டியில பழைய நோட்டு இருக்குமே" என்று முணுமுணுத்தார். தகரப்பெட்டிக்குள் பதினோரு வருஷத்து ஆகஸ்ட் மாதங்கள் இருந்தன, ஒவ்வொன்றிலும் சிலுவை, ஒவ்வொன்றிலும் பதினொன்றே புள்ளி.

ரோசம்மாள் நோட்டை மூடினார்.

"அண்ணி, போதும். எல்லாரும் வூட்டுக்குப் போங்க." பிறகு கணவனிடம், "பஸ்ஸு எத்தனை மணிக்கு?" என்றார்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் மூன்று மணி நேரம் நடந்தது. டாக்டரம்மா வெளியே வந்து, பிழைத்துக்கொள்வார் என்றார். மரியசூசை அன்று மாலை ஆஸ்பத்திரிக் காம்பவுண்டில் வேப்பமர இடைவெளியில் வானத்தைத் தேடினார். நட்சத்திரம் பாதிக்கு மேல் மங்கியிருந்தது. புதன்கிழமை இன்னும் மங்கல். சனிக்கிழமை அதைக் கண்டுபிடிக்க அவர் இடத்தைத் தெரிந்து தேட வேண்டியிருந்தது. அடுத்த வாரம் அவருக்கு அது தெரியவே இல்லை. இரண்டு நாள் முன்னால் மங்கத் தொடங்கியிருந்தால் அவர் எதையும் செய்திருக்க வேண்டாம். கொடியேற்றத்துக்கு மறுநாளிலிருந்தே அவர் புதிதாக ஒரு பக்கமும் வரையவில்லை.

செப்டம்பர் பதின்மூன்றாம் தேதி ஊர் திரும்பினார்கள். அதற்குள் ஊர் தன் முடிவுக்கு வந்திருந்தது. "நட்சத்திரம் வந்துச்சு, ரோசாவைக் காப்பாத்திட்டுப் போயிருச்சு" என்றார் ஆரோக்கியம்மாள். தம்பியின் நோட்டை யாரும் பொருட்படுத்தவில்லை. அவருக்கு மட்டும் 'பதினொண்ணு' என்று ஒரு பெயர் நிலைத்தது. ரோட்டு வேலைக்காரர்கள்கூட, "பதினொண்ணு, கோலை நேராப் புடி" என்றார்கள்.

அன்று மாலை ரோசம்மாள் கொல்லைக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். உதடு அசைந்தது. பதினொன்று. உள்ளே போனார். அடுத்த இரண்டு மாதம் கணவனிடம் சோறு, தண்ணீர், மருந்து என்பதைத் தாண்டிப் பேசவில்லை.

மரியசூசை செய்ததைத் தியாகம் என்று கஸ்பார் சொல்வதுண்டு. எனக்கு அந்தச் சொல் பெரிதாகப்படுகிறது. சில மாதம் கழித்து ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் கஸ்பார் படித்தார்: அதே இரண்டு மூன்று இரவுகளில் உலகத்தில் எத்தனையோ பேர் அந்த நட்சத்திரத்தைத் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். மரியசூசையின் கடிதம் போயிருந்தாலும் ஒரு நீண்ட பட்டியலின் நடுவில் எங்கோதான் இருந்திருப்பார். ஆகவே இழப்பு சிறிது என்று வாதிடலாம். ஆனால் பொய்யின் எடை அதனால் எவ்வளவு இழந்தோம் என்பதைப் பொறுத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் பேர் நோட்டில் சரியாக இருந்தாலும் அவர் நோட்டில் ஒரு புள்ளி தப்பாக இருந்தது. அவர் அப்படித்தான் நினைத்தார். குழாயைச் சாக்கில் சுற்றி மூலையில் வைத்துவிட்டார்.

நவம்பர் மாதம், கல்லறைத் திருநாள் கழிந்த வாரம், ஒரு பகல் வேளையில் ரோசம்மாள் தகரப்பெட்டியைத் திறந்து நோட்டுகளை வெளியே எடுத்து அடுக்கினார். மரியசூசை வாசலில் நின்று பார்த்தார்.

"அண்ணி சொன்னப்ப, இதுங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா? நான்தானே வருஷா வருஷம் வெயில்ல காய வெக்கிறேன்? அன்னிக்கு ஒண்ணை எடுத்தாந்து காட்டச் சொல்லியிருந்தா மாட்டியிருப்பீங்க."

"ஏன் கேக்கல?"

"பயந்தான்." அவர் நோட்டுகளை நேராக அடுக்கினார். "ராத்திரி ரத்தம் போனதுல இருந்து பயம். மாதாவையும் நம்பல, கத்தியையும் நம்பல. யாராவது ஒரு பொய் சொல்லி என்னை இழுத்துக்கிட்டுப் போனாத் தேவலன்னு இருந்துச்சு. நீங்க சொன்னீங்க. வெரலுக்கு அடியில அந்தப் புள்ளி மட்டும் கருப்பா இருந்துச்சு. மத்ததெல்லாம் மங்கல்."

மரியசூசை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆனா மூணு ராத்திரி நான் அதைப் பார்த்து வேண்டினேன். அது வந்தது நெசம். அது எதுக்கு வந்துச்சோ, எனக்கு வேணாம். அது வரவே இல்லன்னு நம்ம வூட்டு நோட்டு சொல்லக் கூடாது. உங்க ஆபீசுல தப்பை எப்படித் திருத்துவாங்க?"

"ஒரே ஒரு கோடு போடணும். கீழ இருக்கறது தெரியணும். பக்கத்துல ஓவர்சியர் கையெழுத்து."

"போடுங்க கோட்டை."

"ஓவர்சியருக்கு எங்க போறது?"

"ஏன், நான் உங்களை மேய்ச்சது பத்தாதா? பென்சிலைக் கொடுங்க."

அந்தப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆகஸ்ட் இருபத்தெட்டு என்று தேதி. பதினொரு புள்ளிகள், மங்கலாக. கீழே தள்ளி ஒன்று, கொஞ்சம் கறுப்பாக. அதன்மேல் ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில், பென்சில் முனை உடையும் அளவுக்கு அழுத்தி, கோணலாக 'ரோ' என்று ஓர் எழுத்து. அடுத்த பக்கத்தில் பன்னிரண்டு. அதற்கடுத்த பக்கத்தின் தேதி நவம்பர் ஒன்பது. அங்கிருந்து மறுபடியும் ஒவ்வொரு இரவும் இருக்கிறது.